வாழவந்தியில் வாழ வந்தவர்கள்

கொல்லிமலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் ஆண்ட மலை அது. அடுத்து நினைவுக்கு வருபவள் கொல்லிப்பாவை. சிரித்தே ஆளைக் கொல்லும் மோகினி என்று நம் முன்னோர் அவளைப் பற்றிக் கதை சொன்னார்கள். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாச கங்கை அருவியும் இன்று யாத்திரிகர்களையும் உல்லாசப் பிரயாணிகளையும் ஒருங்கே இழுக்கின்றன.

இந்த மலையின் சரித்திரத்தில் ஓரியின் வில்லும் பாவையின் சிரிப்பும் இல்லாத ஓர் அத்தியாயமும் உண்டு. நூறாண்டுக்கு முன்பு ஏழு கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம், வாழவந்தி என்ற ஊரில் வீடு கட்டிக் குடியேறிய கதை அது. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின், அவர்களுடைய குழந்தைகள் பால், கானி ஆகிய நால்வரே அந்தக் குடும்பத்தினர்.

வெள்ளைக்காரர்கள் நம் மலைகளுக்கு வந்தது புதிதல்ல. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வந்தார்கள், பங்களா கட்டினார்கள், காப்பியும் தேயிலையும் போட்டார்கள், கோடை கழிந்ததும் இறங்கினார்கள், காலம் மாறியதும் கப்பலேறினார்கள். கொல்லிமலைக்கு வந்த இந்தக் குடும்பம் மட்டும் ஏன் மாறுபட்டது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

குடியேறியவர்களின் மலை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வந்தபோது கொல்லிமலை ஆளில்லாக் காடாக இருக்கவில்லை. அங்கே மலையாளிகள் வாழ்ந்தார்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அப்பெயர் கொண்ட தமிழ் பேசும் மக்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, பள்ளத்தில் நீர் வந்த இடத்தில் படிக்கட்டு வயல் வெட்டி நெல் நட்டு, பலா மரத்தடியில் இளைப்பாறிய மக்கள். மலையையே நாடு நாடாகப் பிரித்து, நாட்டுக்கு நாடு பெரியதனக்காரர் வைத்துத் தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்டவர்கள்.

அவர்களும் வந்தேறிகளே என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. காஞ்சிபுரத்தை விட்டு வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் சந்ததி தாங்கள் என்றும், மூவரும் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்றும் சொல்வார்கள். வாழவந்தி என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள். வாழ வந்தவள் என்றல்லவா அதற்குப் பொருள்! பிழைப்பைத் தேடி வந்த குடிகளின் மலைக்கு இன்னொரு குடி வந்து சேர்ந்தது என்பதே சரி.

அப்போது மலைக்கு மேலே ஏறுவது சாமானியமல்ல. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று கற்களும் வேர்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதைதான் உண்டு. சுமார் 4,000 அடி உயரத்துக்குக் கால்நடையாக ஏறவேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்கவேண்டும். அதைவிடப் பெரிய தடை மலைஜுரம். மலைமேல் ஓரிரவு தங்கினால் ஜுரத்தோடுதான் இறங்கவேண்டும் என்ற பயம் சமவெளிக்காரர்களுக்கு இருந்தது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்துவிட்டாலும், அந்தக் கொசுவை ஒழிக்கும் மருந்து வர இன்னும் அரை நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது. மலைமேல் வைத்தியரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

மணநாளில் மலையேற்றம்

ஜெஸ்ஸி பிராண்ட் 1885ல் பிறந்தவர். கில்ட்போர்டு என்ற ஊரில் கட்டடத் தொழில் செய்த குடும்பம். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற கிறிஸ்தவ சங்கத்தின் ஊழியராக 1907ல் சேலம் ஜில்லா சேந்தமங்கலத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். வெளிநாடு செல்லும் ஊழியர்களுக்காக லண்டனில் நடத்தப்பட்ட ஒரு வைத்தியப் பயிற்சியில் காயம் கட்டவும், பல் பிடுங்கவும், சில்லறை நோய்களுக்கு மருந்து கொடுக்கவும் கற்றிருந்தார். சேந்தமங்கலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அங்கே வைத்தியம் இல்லை என்று கேட்டதிலிருந்து அவருக்கு அந்த மலைமேல் கண்.

ஈவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் 1879ல் பிறந்தவர். ஓவியம் பயின்றவர், நல்ல உடை உடுத்திப் பழகியவர். இந்திய மலைவாசிகளைப் பற்றி ஜெஸ்ஸி பேசக் கேட்டார். அவரும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1913 ஆகஸ்டில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 34, மணமகனுக்கு 28.

மணமக்கள் தேனிலவுக்கு எங்கே போனார்கள்? மணமான அன்றைக்கே கொல்லிமலை ஏறினார்கள்! வழியில் மழை பிடித்துக்கொண்டது. பட்டணத்து மணப்பெண் நனைந்து, சேறாகி, இருட்டிய பிறகு வாழவந்தி போய்ச் சேர்ந்தார். அங்கே ஜெஸ்ஸி தம் கையாலேயே கட்டிய மரவீடு காத்திருந்தது. அதற்கான மரச்சாமான் யாவும் தலைச்சுமையாக மலைமேல் வந்தவை. கரையானுக்குப் பயந்து வீட்டை உயரமான கால்களின்மேல் நிறுத்தியிருந்தார். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் பச்சைமலை, கல்வராயன்மலை என்று மலைக்குப் பின்னால் மலை தெரியும். அந்த மலைகளுக்கெல்லாம் போகவேண்டும் என்று இருவரும் உறுதி பூண்டார்கள். அது நிறைவேற எத்தனை ஆண்டு ஆயிற்று, யார் நிறைவேற்றினார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

குச்சியும் கிணறும்

அக்காலத்தில் கொல்லிமலைக்காரர்களை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. இன்றைய இளைஞர்கள் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். படிக்கிணற்றிலும் குளத்திலும் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிக்குள் இதன் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவன் உடம்பில் அது வளரும். ஓராண்டு கழித்து, இரண்டு மூன்றடி நீள நூல்போலக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் அவன் காலைத் தண்ணீரில் வைப்பான். அக்கணமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். அந்த நீரை அடுத்தவன் குடிப்பான்!

புழுவை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே தங்கிய பகுதி சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி அதை ஒரு சிறு குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பார். ஒரு காலைக் குணப்படுத்த நாள் கணக்காகப் பொறுமை வேண்டும். குச்சி மட்டும் போதாது என்பது அவருக்கு விளங்கியது. நோய் இருந்தது கிணற்றில். ஆகவே, யாரும் காலை நனைக்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லிக் கொடுத்தார். மருந்துப்பெட்டியோடு வந்தவர் கொத்துக் கரண்டியையும் எடுத்தார்.

பள்ளிக்கூடம் வந்தது. தச்சும் நெசவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆரஞ்சுக் கன்று நட்டார்கள், பட்டுப்பூச்சி வளர்த்தார்கள். வரி வசூலிலும் கடன் வசூலிலும் மலைவாசிக்கு அநியாயம் நடந்தபோது அவனுக்காக ஜெஸ்ஸி அதிகாரிகளிடம் வாதாடினார்.

விஷஜுரம் வந்த ஆண்டு

அவர்கள் மதம் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர்கள். அதை அவர்களும் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை. மலைவாசிகள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மார்க்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஊர்ப் பூசாரி அவர்களிடம் போகவேண்டாம் என்று ஜனங்களைத் தடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வழிவழியாக வந்த தெய்வத்தையும் தம் ஜீவனத்தையும் காப்பது அவர் கடமை என்று அவர் கருதினார். ஆண்டுகள் உருண்டன. யாரும் அசையவில்லை.

முதல் உலக மகா யுத்தம் முடியும் தறுவாயில், 1918ல், உலகெங்கும் விஷஜுரம் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது கணக்கு. கொல்லிமலையையும் அது விடவில்லை. வீடு வீடாக ஜனங்கள் விழுந்தார்கள். தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாத நிலை. ஒருவரை ஒருவர் அண்டப் பயந்த அந்த நாட்களில் பிராண்ட் தம்பதிகள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தார்கள். உறவினர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தவர்கள், யாரிடம் போகாதே என்று அவர் ஊரைத் தடுத்தாரோ அவர்கள்தான். தாம் பிழைக்கப் போவதில்லை என்று கண்ட பூசாரி, தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஈவ்லினுக்கு அப்போது சொந்தக் குழந்தைகளே இருவர். பாலுக்கு நான்கு வயது, கானிக்கு இரண்டு வயது. மூன்றாவதாக அந்தப் பெண் குழந்தை வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் மலைவாசிகள் அந்த வீட்டைத் தங்கள் வீடாக நினைத்து வரத் தொடங்கினார்கள். வாழவந்தியில் ஒரு புதிய சமுதாயம் முளைத்தது. அதில் மதம் மாறியவர்களும் உண்டு. மாறாமல் பள்ளிக்கும் மருந்துக்கும் வேலைக்கும் வந்தவர்களும் உண்டு.

கொடுத்ததும் கொண்டதும்

அவர்கள் மட்டுமே கற்றுக் கொடுத்தார்கள், மலைவாசிகள் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மலையில் வளர்ந்த தம் சிறுவயதைப் பற்றிப் பால் பிராண்ட் பிற்காலத்தில் ஒரு சம்பவம் எழுதினார். சிறுவர்கள் படிக்கட்டு வயலில் தவளை பிடிப்பதற்காகச் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பையன்கள் தாத்தா என்று அழைத்த கிழவர் ஒருவர் அங்கே வந்தார். வரப்பைத் தாண்டிக் கீழே வழிந்த கலங்கல் நீரை ஒரு கை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். சேறு என்றான் ஒருவன். அது வெறும் சேறல்ல, நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்ணவேண்டிய சோறு, மலையை விட்டு ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏறாது என்று அவர் எடுத்துச் சொன்னார். உலகம் சுற்றிப் பெரிய டாக்டரான பிறகும் மண்ணைக் காப்பது பற்றிப் பால் பிராண்ட் பேசும்போதெல்லாம் அந்தத் தாத்தாவே அவருக்குக் குரு.

இன்னொரு காட்சியையும் அவர் மறக்கவில்லை. ஒருநாள் முன்பின் தெரியாத மூவர் வந்தார்கள். கால்களில் புண். எப்போதும் நோயாளிகளை அருகே அழைக்கும் அப்பா அன்று தயங்கினார். குழந்தைகளை வீட்டுக்குள் போகச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு புண்ணைக் கழுவிக் கட்டினார். அவர்கள் போனதும், அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்த கூடையை அம்மா எரித்துவிட்டார். அது குஷ்டரோகம். அதைத் தொட அப்பாவே பயந்தார் என்பது அந்தப் பையன் மனத்தில் ஆணியாக இறங்கியது.

அந்தப் பையன்தான், பிற்காலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 1946ல் வந்து சேர்ந்த சர்ஜன் பால் பிராண்ட். குஷ்டரோகிகளின் விரல்கள் அழுகி விழவில்லை. வலி தெரியாததால் நெருப்பிலும் கல்லிலும் காயப்பட்டுத் தேய்கின்றன என்று நிரூபித்தவர். மடங்கிப்போன கைகளை நிமிர்த்தத் தசைநாரை இடம் மாற்றித் தைத்தவர். கை குணமானவனுக்குப் பிழைக்க வழி வேண்டுமே என்று, 1951ல் வேலூரில் புதுவாழ்வு நிலையம் அமைத்து அங்கே தச்சு வேலையும் கற்பித்தார். மருந்தையும் உளியையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த வித்தை வாழவந்தியில் அப்பாவிடம் கற்றதல்லவா?

கடிதம் வந்தது, எழுதியவர் இல்லை

இதற்கெல்லாம் அந்தக் குடும்பம் கொடுத்த விலை சிறிதல்ல. 1923ல் குழந்தைகளைப் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அதன்பின் தகப்பனை அவர் பார்க்கவே இல்லை. கப்பல் தபால்தான் உறவு.

1929 ஜூன் 15ந் தேதி ஜெஸ்ஸி பிராண்ட் மலைமேல் காலமானார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய ஜுரம் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 44. எந்த ஜுரத்துக்குச் சமவெளிக்காரர்கள் பயந்தார்களோ அதே ஜுரம்! லண்டனிலிருந்த பிள்ளைகளுக்குத் தந்தி பறந்தது. தந்தி வந்த பிறகு, கப்பலில் மெல்ல வந்துகொண்டிருந்த அப்பாவின் கடைசிக் கடிதமும் வந்து சேர்ந்தது. மலையின் அழகைப் பற்றி மகனுக்கு அவர் எழுதிய கடிதம். பதினான்கு வயதுப் பையன் அதைப் பிரித்துப் படித்தான்.

இங்கேதான் கதை முடிந்திருக்கவேண்டும் என்று நினைப்போம். விதவையான ஈவ்லின் இங்கிலாந்துக்குப் போனார். துயரத்தில் கூன் விழுந்து வந்து நின்றவரைத் தம் தாய் என்று நம்பப் பாலுக்கே சிரமமாக இருந்ததாம். ஆனால் ஈவ்லின் அங்கே தங்கவில்லை. இந்தியாவுக்கே திரும்பினார்!

பாட்டியின் பிடிவாதம்

மிஷன் அவரைக் கொல்லிமலைக்கு அனுப்ப மறுத்தது. தனியாக ஒரு பெண் ஜுரமலையில் எப்படி வாழ்வது என்று நினைத்தார்கள் போலும். சமவெளியிலேயே அவருக்கு வேலை கொடுத்தார்கள். அவரும் செய்தார். ஆனால் கண் மலைமேலேயே இருந்தது. எழுபது வயது நெருங்கியபோது, நீங்கள் ஓய்வு பெறவேண்டும் என்று மிஷன் சொன்னது. அவரும் சந்தோஷமாக ஓய்வு பெற்றார். இனி எங்கே போவது என்று தீர்மானிக்கிற உரிமை தமக்குத்தானே! மூட்டை கட்டிக்கொண்டு நேரே கொல்லிமலை ஏறினார்.

மட்டக்குதிரைமேல் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், மருந்து கொடுத்தார். கொல்லிமலையோடு நில்லாமல் அக்கம்பக்கத்து மலைகளுக்கும் போனார். மணநாளில் இருவர் எடுத்த உறுதியை ஒருவராக நிறைவேற்றினார். கீழே விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். ஓய்வெடுங்கள் அம்மா என்று டாக்டர் மகன் கெஞ்சினார். பயன்படாமல் பத்திரப்படுத்தி வைப்பதற்கா இந்தக் கிழட்டு உடம்பு என்ற கருத்தில் பதில் சொல்லி மகனை வாயடைத்துவிட்டார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. ஓவியம் தீட்டிய, நல்ல உடை உடுத்திய அந்த லண்டன் பெண்ணை நினைத்துப் பாருங்கள்!

1974 டிசம்பர் 18ந் தேதி, 95 வயதில் அவர் காலமானார். மலைக்கே கொண்டுபோய், கணவர் கல்லறைக்குப் பக்கத்தில், ஒரு பருத்தித் துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள். மகன் பால் 2003ல் அமெரிக்காவில் காலமானார். நரம்புச் சிலந்தியோ, அதற்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது. 2000ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்கு அதற்கான சான்று அளித்தது. அந்த வெற்றிக்காக நாடெங்கும் ஆயிரமாயிரம் பேர் கிணறு கிணறாக உழைத்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னே கொல்லிமலையில் ஒருவர் கல்சுவர் எழுப்பினார்.

தங்கியவர்கள்

ஒரு புதிய சமுதாயத்தை உண்டாக்க என்ன வேண்டும்? பணமா? பதவியா? மருந்தா? இவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் மருந்து கொடுத்தபோதும் பள்ளி வைத்தபோதும் கொல்லிமலை அந்தக் குடும்பத்தை ஏற்கவில்லை. விஷஜுரத்தில் எல்லோரும் விலகியபோது அவர்கள் விலகாமல் நின்றார்கள், அப்போது நம்பியது. குடும்பத் தலைவரை மண்ணில் வைத்த பிறகும் அந்த அம்மாள் திரும்பி வந்தார். அப்போது அவரைத் தன்னவர் என்று ஏற்றது. காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளை அந்த மலை எப்படி ஏற்றிருக்கும்? அவர்களும் அங்கே விதைத்து, அங்கேயே மடிந்து, அங்கேயே புதைந்துதானே மலையாளிகள் ஆகியிருப்பார்கள்!

மலைக்கிராமங்களில் வேலைக்குப் போடப்பட்ட டாக்டரும் ஆசிரியரும் சமவெளிக்கு மாற்றல் கேட்டு மனுப் போடுவதை இன்றும் கேள்விப்படுகிறோம். அவர்கள் சிரமம் நமக்குப் புரிகிறது. குடும்பம் உண்டு, பிள்ளைகள் படிப்பு உண்டு. எல்லோரும் ஈவ்லின் அம்மாளாக முடியாது. ஆகவேண்டும் என்று கேட்கவும் நியாயமில்லை. ஆனால் ஒருவர் தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு வாழவந்தி சாட்சி. அடுத்த முறை அருவி பார்க்கப் போகிறவர்கள், எழுபது வளைவுகளையும் பஸ்ஸில் கடக்கும்போது, பாதையில்லாத காலத்தில் மழையில் நனைந்துகொண்டு ஏறிய அந்த மணமக்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.